விஞ்ஞானிகள் சிரிக்கும்போது

கணக்கு ஆசிரியர் கரும்பலகையில் 5 என்று எழுதுகிறார். அதன் கீழே ஒரு கோடு; கோட்டுக்குக் கீழே ஒரு பூஜ்யம். "எந்த எண்ணாலும் வகுக்கலாம், பூஜ்யத்தால் மட்டும் வகுக்க முடியாது. ஏன்? யாராவது சொல்லுங்கள், பார்ப்போம்" என்று கேட்கிறார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் எழுகிறது: "பூஜ்யம் பேர் வந்தால் வகுப்பே நடக்காதே, சார்!"

சிரித்தீர்களா? அப்படியானால் கண நேரத்தில் உங்கள் மூளை ஒரு நல்ல வேலையைச் செய்து முடித்திருக்கிறது. பள்ளிக்கூடத்து வகுப்பையும் கணக்கில் வரும் வகுத்தலையும் அது அருகருகே வைத்துப் பார்த்தது; இரண்டும் வேறு என்று கண்டது; ஆனாலும் பொருந்துகிறதே என்று வியந்தது. அந்த வியப்புத்தான் சிரிப்பாக வெளிப்பட்டது. வகுத்தல் கணக்கை இன்னும் கற்றுக்கொள்ளாத உங்கள் தம்பியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவன் உங்களை விழித்துத்தான் பார்ப்பான்.

அறிவியல் நகைச்சுவைக்கு ஒரு நுழைவுச் சீட்டு உண்டு. விஷயம் தெரிந்தவர்களுக்கே அதன் கதவு திறக்கும். அதனால்தான் கணித மேதைகளும் பௌதிக விஞ்ஞானிகளும் தங்களுக்குள் இத்தகைய வேடிக்கைகளைப் பரிமாறிக்கொள்வதில் பெரும் மகிழ்ச்சி அடைகிறார்கள். ஆனால் அவை வெறும் பொழுதுபோக்கு மட்டும்தானா? சில சிரிப்புகள் பாடம் கற்பித்தன. சில தவறுகளைக் குத்திக் காட்டின. ஒன்று ஓர் இளைஞரின் மனத்தில் ஆறாத வடுவையும் உண்டாக்கியது. அவற்றைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன் கீழே உள்ள 'நிரூபணத்தை' ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். க, ச என்ற இரண்டு எண்கள் சமம் என்று வைத்துக்கொள்வோம்.

க = ச
இரு புறமும் க-வால் பெருக்க: க² = கச
இரு புறமும் ச²-ஐக் கழிக்க: க² − ச² = கச − ச²
காரணிப்படுத்த: (க + ச)(க − ச) = ச(க − ச)
இரு புறமும் (க − ச)-ஆல் வகுக்க: க + ச = ச
க-வும் ச-வும் சமம் ஆகையால்: 2ச = ச
ஆகவே 2 = 1!

தவறு எங்கே? யோசித்துக்கொண்டே மேலே படியுங்கள். விடை வழியில் தானாகவே உங்களைச் சந்திக்கும்.

சிங்கத்தைப் பிடிக்க 40 வேலிகள்

1938-ஆம் ஆண்டில் 'அமெரிக்கன் மேத்தமேட்டிகல் மன்த்லி' என்ற கணிதப் பத்திரிகையில் ஒரு விசித்திரமான கட்டுரை வெளிவந்தது. பாலைவனத்தில் திரியும் சிங்கத்தைக் கணித முறைகளால் பிடிப்பது எப்படி என்பதே அதன் பொருள். எழுதியவர் பெயர் ஹெச். பெட்டார்ட் என்று போட்டிருந்தது. அப்படி ஒருவர் உலகத்தில் இல்லை! பிரின்ஸ்டனில் அப்போது ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ரால்ஃப் போவாஸ், ஃபிராங்க் ஸ்மித்தீஸ் என்ற இரண்டு இளம் கணித அறிஞர்கள் செய்த குறும்பு அது.

குறும்பு அத்துடன் நிற்கவில்லை. இவர்கள் ஏற்கெனவே ஈ. எஸ். பாண்டிசெரி என்ற கற்பனைக் கணித அறிஞர் ஒருவரை உருவாக்கி வைத்திருந்தார்கள். பெயரைப் படித்ததும் உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்குமே! ஆம், நம் பாண்டிச்சேரிதான். அந்த ஊர்ப் பெயரை எடுத்து, கிழக்கு ஐரோப்பியப் பெயர்போலத் தோன்றும்படி எழுத்துக்களை மாற்றி அமைத்துக்கொண்டார்கள். இந்தப் பாண்டிசெரி, 'விஷயம் விளையாட்டானது. ஆகவே பெட்டார்ட் என்ற புனைபெயரில் வெளியிடுங்கள்' என்று பத்திரிகையைக் கேட்டுக்கொண்டாராம். இல்லாத ஒருவருக்கு ஒரு புனைபெயர்!

சிங்கத்தைப் பிடிக்கும் வழிகளில் ஒன்று இது: பாலைவனத்தை வடக்கு தெற்காக ஒரு வேலியால் இரண்டாகப் பிரியுங்கள். சிங்கம் ஏதாவது ஒரு பாதியில்தான் இருக்க வேண்டும். அந்தப் பாதியைக் கிழக்கு மேற்காக இன்னொரு வேலியால் இரண்டாக்குங்கள். மறுபடியும் சிங்கம் உள்ள பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். இப்படியே செய்துகொண்டு போனால், கடைசியில் சிங்கம் எவ்வளவு சிறிய இடத்திலும் அகப்பட்டுத்தானே ஆக வேண்டும்?

இது வேடிக்கை மட்டும் அல்ல. கல்லூரியில் கணிதம் எடுப்பவர்கள் போல்சானோ–வையர்ஸ்ட்ராஸ் தேற்றம் என்று ஒன்றைப் படிப்பார்கள். அதன் நிரூபணம் ஏறக்குறைய இந்த வேலி போடும் வேலைதான். சரி, எத்தனை வேலிகள் வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். சகாரா பாலைவனத்தின் பரப்பு சுமார் 90 லட்சம் சதுர கிலோமீட்டர். அதாவது 9-ஐ எழுதி அதற்குப் பக்கத்தில் 12 பூஜ்யங்கள் போட்டால் வரும் அத்தனை சதுர மீட்டர். இதை இரண்டால் வகுத்துக்கொண்டே போங்கள். 10 முறை வகுத்தால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகும். 20 முறை வகுத்தால் பத்து லட்சத்தில் ஒரு பங்காகும். 40-ஆவது முறை வகுத்தபின் எஞ்சுவது சுமார் 8 சதுர மீட்டர் மட்டுமே! ஒரு சிறிய அறை அளவு. சகாராவையே அறையாகச் சுருக்க 40 வேலிகள் போதும். பாதியாக்குவதற்கு இருக்கும் வலிமையைப் பார்த்தீர்களா? அகர வரிசையில் உள்ள பெரிய அகராதியில் நடுப்பக்கத்தைத் திறந்து, 'முன்னாலா, பின்னாலா' என்று பார்த்துச் சொல்லைத் தேடுகிறோமே, அதுவும் இதே சிங்க வேட்டைதான்.

இன்னொரு வழி இன்னும் வேடிக்கையானது. ஒரு கோள வடிவக் கூண்டைப் பாலைவனத்தில் வைத்து, நீங்களே அதற்குள் புகுந்து பூட்டிக்கொள்ளுங்கள். பிறகு உள்ளே இருப்பதை வெளியேயும், வெளியே இருப்பதை உள்ளேயும் மாற்றும் ஒரு கணித விதியைப் பயன்படுத்துங்கள். நடுப்புள்ளியிலிருந்து ஒரு பொருள் இருக்கும் தொலைவை எடுத்து, அதனால் ஆரத்தின் வர்க்கத்தை வகுத்தால், அப்பொருள் போய்ச்சேரும் புதிய தொலைவு கிடைக்கும். கூண்டின் ஆரம் 2 மீட்டர் என்றால் அதன் வர்க்கம் 4. நீங்கள் நடுப்புள்ளியிலிருந்து 1 மீட்டரில் உட்கார்ந்திருந்தால் 4 மீட்டருக்கு, அதாவது கூண்டுக்கு வெளியே வந்துவிடுவீர்கள். 400 மீட்டர் தொலைவில் நின்ற சிங்கம் ஒரு சென்டிமீட்டருக்கு வந்து கூண்டுக்குள் மாட்டிக்கொள்ளும்!

ஒரே ஓர் எச்சரிக்கை: கூண்டின் சரியான நடுப்புள்ளியில் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். அப்போது உங்கள் தொலைவு பூஜ்யம். 4-ஐப் பூஜ்யத்தால் வகுக்க வேண்டி வரும். பூஜ்யத்தை எந்த எண்ணால் பெருக்கினாலும் 4 வராது. ஆகவே நீங்கள் போய்ச்சேர ஓர் இடமே கிடையாது.

இப்போது 2 = 1 'நிரூபணத்தை' மறுபடியும் பாருங்கள். க-வும் ச-வும் சமம் என்றால் க − ச என்பது என்ன? பூஜ்யம்! வகுத்தல் என்ற பெயரில் அங்கே பூஜ்யம் திருட்டுத்தனமாக நுழைந்துவிட்டது. கடைசி பெஞ்சு மாணவன் சொன்னது போல, பூஜ்யம் வந்தால் வகுப்பு நடக்காது.

பாண்டிசெரி என்ற அந்தக் கற்பனை மனிதர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 1944-இல் அவர் பெயரில் ஓர் உண்மையான ஆராய்ச்சிக் கட்டுரையே வெளிவந்தது. இன்றும் கணித நூல்களில் ஒரு தேற்றம் ஹியூவிட்–மார்செவ்ஸ்கி–பாண்டிசெரி தேற்றம் என்ற பெயருடன் விளங்குகிறது. பிறக்காத ஒருவர் பெயரில் ஒரு தேற்றம்!

273-ஆம் 137-ஆம்

அடுத்த சிரிப்பு கொஞ்சம் காரமானது. அணுக்களிலிருந்து ஒளி வெளிப்படும் விதத்தை விளக்கும்போது ஓர் எண் வந்து நிற்கும். அதற்கு நுண் அமைப்பு மாறிலி என்று பெயர். அதன் மதிப்பு ஏறத்தாழ 1/137. இது ஏன் இப்படி இருக்க வேண்டும்? இங்கிலாந்தின் புகழ்பெற்ற வானியல் அறிஞர் ஆர்தர் எடிங்டன், பரிசோதனையே இல்லாமல் வெறும் சிந்தனையால் இந்த எண்ணைப் பெற்றுவிடலாம் என்று நம்பினார். முதலில் 136 என்றார். பிறகு ஒன்றைக் கூட்டி 137 என்றார்.

அப்போது கேம்பிரிட்ஜில் பெக், பேதே, ரீட்ஸ்லர் என்ற மூன்று இளம் விஞ்ஞானிகள் இருந்தார்கள். இவர்கள் 1931 ஜனவரியில் 'டீ நாட்டூர்விஸ்ஸன்ஷாஃப்டன்' என்ற ஜெர்மன் அறிவியல் பத்திரிகையில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார்கள். எலெக்ட்ரானுக்கு 137 விதமான இயக்கச் சுதந்திரங்கள் உண்டு. புரோட்டானுக்கும் 137 உண்டு. இவற்றில் ஒன்றைக் கழித்தால் 273. இத்தனையும் உறைந்துவிடும் வெப்பநிலைதான் தனிப்பூஜ்யம். ஆகவேதான் அது மைனஸ் 273 டிகிரி! குறிப்பின் சாரம் இதுதான்.

எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! பத்திரிகையும் அதை உண்மை என்றே நம்பி அச்சிட்டுவிட்டது. ஆனால் இது முழுக்க முழுக்கக் கேலி. எங்கே ஓட்டை என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். மைனஸ் 273 என்பது செல்சியஸ் அளவையில் மட்டும்தான். நீர் உறையும் நிலையை 0 என்றும், கொதிக்கும் நிலையை 100 என்றும் வைத்துக்கொண்டது மனிதர்கள் செய்த ஏற்பாடு. ஃபாரன்ஹீட் அளவையில் தனிப்பூஜ்யம் ஏறத்தாழ மைனஸ் 459. அதே சூத்திரத்தில் இதை இட்டால், 459-உடன் 1-ஐக் கூட்டி இரண்டால் வகுக்க, 230 வருகிறது. 137 எங்கே, 230 எங்கே! இயற்கையில் உள்ள மாறிலிக்கு நாம் எந்த வெப்பமானியைப் பயன்படுத்துகிறோம் என்பது எப்படித் தெரியும்?

உண்மை தெரிந்ததும் பத்திரிகையின் ஆசிரியர் இதை ரசிக்கவில்லை. மார்ச் மாதம் ஒரு திருத்தக் குறிப்பு வந்தது. வெறும் எண் பொருத்தங்களை வைத்துக் கட்டப்படும் கொள்கைகளைக் கேலி செய்யவே அதை எழுதினோம் என்று மூவரும் தெரிவித்தார்கள். பிற்காலத்து நுட்பமான அளவீடுகளின்படி அந்த எண் 137 அல்ல, 137.036. முழு எண்ணே அல்ல என்று ஆகிவிட்டது.

மாணவ நண்பர்களே, இந்தக் கேலியின் பாடத்தைப் பரீட்சைக்கும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். விடை எவ்வளவு அழகாக இருந்தாலும் அலகு சரியா என்று பார்க்காமல் அதை நம்பாதீர்கள்.

ஆல்பா, பீட்டா, காமா

அந்த மூவரில் ஒருவரான ஹான்ஸ் பேதே, பதினேழு ஆண்டுகளுக்குப் பின் தாமே ஒரு வேடிக்கைக்குப் பாத்திரமானார். இதைச் சொல்லும்போது முழுமனதுடன் சிரிக்க முடிவதில்லை.

வாஷிங்டனில் ரால்ஃப் ஆல்ஃபர் என்ற இளைஞர் பகலில் வேலை பார்த்துக்கொண்டு மாலை வகுப்புகளில் படித்து முன்னேறியவர். ஒடெஸ்ஸாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜார்ஜ் காமோவ் அவருடைய பேராசிரியர். பிரபஞ்சம் தொடக்கத்தில் மிக வெப்பமாக, மிக நெருக்கமாக இருந்தபோது தனிமங்கள் எப்படி உண்டாகியிருக்கும் என்று கணக்கிடுவதே ஆல்ஃபரின் டாக்டர் பட்ட ஆராய்ச்சி. இன்று காணும் ஹைட்ரஜன், ஹீலியம் ஆகியவற்றின் மிகுதிக்கு அதில் ஒரு விளக்கம் கிடைத்தது. (ஹீலியத்தைவிடக் கனமான பெரும்பாலான தனிமங்கள் விண்மீன்களில் உருவானவை என்பது பிறகு தெரிந்தது.)

முடிவுகளை வெளியிடும் நேரத்தில் காமோவுக்கு ஒரு வேடிக்கை தோன்றியது. ஆல்ஃபர், காமோவ் என்ற பெயர்கள் கிரேக்க எழுத்துக்களான ஆல்பாவையும் காமாவையும் நினைவூட்டுகின்றன. நடுவே ஒரு பீட்டா இருந்தால்? நண்பர் பேதேயின் பெயரைச் சேர்த்துவிட்டார்! அந்த ஆராய்ச்சியில் பேதேக்கு எந்தப் பங்கும் இல்லை. 'ஃபிஸிகல் ரிவ்யூ' பத்திரிகையில் கட்டுரை வெளியான தேதியும் வேடிக்கையானதுதான்: 1948 ஏப்ரல் 1.

உலகம் சிரித்தது. 27 வயது ஆல்ஃபருக்குச் சிரிப்பு வரவில்லை. காமோவ் பெரிய பெயர். பேதே அதைவிடப் பெரிய பெயர். இரண்டு மலைகளுக்கு நடுவே தம்மை யார் கவனிப்பார்கள் என்று அவர் வருந்தினார். அந்த வருத்தம் பொய்யாகவில்லை. அந்த ஆண்டிலேயே அவரும் ராபர்ட் ஹெர்மன் என்ற தோழரும் சேர்ந்து, ஆதி வெப்பத்தின் எச்சம் இன்றும் பிரபஞ்சம் எங்கும் சுமார் 5 கெல்வின் வெப்பநிலையில் பரவியிருக்க வேண்டும் என்று கணித்தார்கள். (ஹெர்மன் தம் பெயரை 'டெல்ட்டர்' என்று மாற்றிக்கொள்ள மறுக்கிறார் என்று காமோவ் அவரையும் விடாமல் கேலி செய்தார். டெல்ட்டா நான்காவது எழுத்து!)

1965-இல் பென்சியாஸ், வில்சன் என்ற இருவர் அந்த எச்சத்தைக் கண்டுபிடித்தது வெளியாயிற்று. தங்கள் வானொலி ஆன்டெனாவில் விடாமல் கேட்ட இரைச்சலின் காரணத்தைத் தேடப்போய், தற்செயலாக அதைக் கண்டார்கள். இன்றைய அளவீட்டின்படி அதன் வெப்பநிலை 2.725 கெல்வின். ஆல்ஃபர், ஹெர்மன் கணிப்பு அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. 1978-இல் பென்சியாஸும் வில்சனும் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். ஆல்ஃபருக்கு அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் 2007 ஜூலையில்தான் வழங்கப்பட்டது. உடல்நலம் குன்றியிருந்த அவருக்காக மகன் சென்று பெற்றுக்கொண்டார். ஆகஸ்ட் மாதம் ஆல்ஃபர் காலமானார்.

இதற்கெல்லாம் ஒரு வேடிக்கை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தன் உழைப்பின்மேல் இன்னொருவர் பெயரைப் பார்க்கும் இளைஞனுக்கு அது எப்படி இருந்திருக்கும்? நீங்கள் செய்த கண்காட்சி மாதிரியில் வேடிக்கைக்காக வேறு ஒருவன் பெயரை எழுதி ஒட்டினால் சிரிப்பீர்களா?

ஆராய்ச்சி செய்த பூனை

மனத்தைத் தேற்றிக்கொள்ள ஒரு பூனைக் கதை கேளுங்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியர் ஜாக் ஹெதரிங்டன், 1975-இல் திண்ம ஹீலியம்–3 பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைத் தனியாக எழுதி முடித்தார். கட்டுரை முழுவதும் 'நாங்கள் கண்டோம்', 'நாங்கள் கணித்தோம்' என்று எழுதியிருந்தார். ஒரே ஆசிரியர் 'நாங்கள்' என்று எழுதினால் பத்திரிகை ஏற்காது என்று நண்பர் ஒருவர் எச்சரித்தார். தட்டச்சுப் பொறிக் காலம் அது. எல்லாப் பக்கங்களையும் மறுபடி தட்டச்சு செய்வதென்றால் சும்மாவா?

ஹெதரிங்டன் ஒரு வழி கண்டார். இன்னோர் ஆசிரியர் பெயரைச் சேர்த்துவிட்டால் 'நாங்கள்' சரியாகிவிடுமே! வீட்டில் செஸ்டர் என்ற பூனை இருந்தது. பூனையின் லத்தீன் பெயரின் முதல் எழுத்துக்கள், செஸ்டரின் முதல் எழுத்து, தந்தைப் பூனையின் பெயர் எல்லாம் சேர்ந்து 'எஃப். டி. சி. வில்லார்ட்' ஆயிற்று. கட்டுரை 1975 நவம்பரில் 'ஃபிஸிகல் ரிவ்யூ லெட்டர்ஸ்' பத்திரிகையில் வெளிவந்தது. சில பிரதிகளில் பூனை தன் பாதத்தை மையில் தோய்த்துக் கையெழுத்தும் போட்டது! 1980-இல் ஒரு பிரெஞ்சு அறிவியல் பத்திரிகையில் வில்லார்ட் தனி ஆசிரியராகவே தோன்றினார்.

பேதேயின் பெயருக்கும் பூனையின் பெயருக்கும் என்ன வேறுபாடு? பூனை யாருடைய புகழையும் பங்குபோடவில்லை. பேராசிரியர் தம் கட்டுரையில் தம்மையே கேலி செய்துகொண்டார். வலித்திருந்தால் அவருக்குத்தான் வலித்திருக்கும். ஆனால் இன்று யாரும் இப்படிச் செய்யக் கூடாது. உழைத்தவர் பெயர் மட்டுமே கட்டுரையில் இருக்க வேண்டும் என்று அறிவியல் பத்திரிகைகள் கண்டிப்பாகக் கேட்கின்றன. 'நாங்கள்' என்பதை 'நான்' என்று மாற்றவும் கணிப்பொறிக்கு ஒரு நொடி போதும்!

நீங்களும் சிரியுங்கள்

உங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் ஒரு சிரிப்புப் பலகை வையுங்கள். வாரம் ஒருவர் ஓர் அறிவியல் வேடிக்கையை எழுதட்டும். எழுதுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இதில் உள்ள அறிவியல் சரியா, அல்லது வேண்டுமென்றே செய்த தவறு என்றால் அது எங்கே என்று எனக்குத் தெரியுமா? விளையாட்டு என்று கடைசியிலாவது சொல்லிவிடுகிறேனா? இதைப் படித்து யாராவது முகம் வாடுவார்களா?

சிரிக்காதவனைப் பார்த்து, 'உனக்கு இதுகூடப் புரியவில்லையா?' என்று கேட்காதீர்கள். அவனுக்கு நுழைவுச் சீட்டு இன்னும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து விளக்குங்கள். விளக்கிச் சொன்னால் நகைச்சுவை செத்துவிடும் என்பார்கள். அறிவியலில் அது செத்தாலும் நஷ்டமில்லை. அந்த இடத்தில் ஒரு பாடம் முளைத்துவிடும்.

பலகையைத் தொடங்கிவைக்க ஒரு கணக்கு: கூண்டின் ஆரம் 3 மீட்டர். சிங்கம் நடுப்புள்ளியிலிருந்து 900 மீட்டரில் நிற்கிறது. நீங்கள் கூண்டுக்குள் சரியாக 3 மீட்டரில், சுவரோடு சுவராக ஒட்டி நிற்கிறீர்கள். விதியைப் பயன்படுத்தியபின் சிங்கம் எங்கே? நீங்கள் எங்கே? விடையைக் கண்டதும், சிரிப்பதா ஓடுவதா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்!